கப்பலுக்குப் போன கொசுவலை

எனக்கு மூட்டை கட்டத் தெரியும் என்று நான் நம்பியதால்தான் என் மனைவி நடுக்கடலில் என் வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் இந்தக் கதையை யார் சொன்னாலும் இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நானே முந்திக்கொண்டு சொன்னால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். (மிஞ்சாது. ஒரு ஆசைதான்.)

ஒரத்தநாட்டில் உரக்கடை வைத்திருக்கிறேன். யூரியா, பொட்டாஷ், விதைநெல், பூச்சி மருந்து. இருபத்தாறு வருஷமாக மூட்டையை இறக்குவதும் அடுக்குவதும் ஏற்றுவதும்தான் பிழைப்பு. ஒரு குட்டியானை வண்டியில் எத்தனை மூட்டை ஏறும் என்று வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். வாய் கிழிந்த சாக்கை நான் கோணி ஊசி போட்டுத் தைத்தால் அடுத்த சம்பா வரைக்கும் பிரியாது. இதற்கெல்லாம் ஊரில் எனக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் உர மூட்டை அடுக்குவது வேறு, பயணத்துக்குப் பெட்டி அடுக்குவது வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்ன ஒரே ஆள் என் மகள் பவித்ரா. அவள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பூச்சி மருந்துக் கம்பெனி, இலக்கைத் தாண்டி விற்ற டீலர்களை ஜோடியாகக் கப்பலில் கூட்டிக்கொண்டு போவதாக அறிவித்தது. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, கடலில் மூன்று ராத்திரி, இலங்கையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது. அந்த வருஷம் சம்பாவில் ஆனைக்கொம்பன் ஈ படையெடுத்து வந்திருந்தது. விவசாயிகள் வயிறு எரிந்துகொண்டிருந்த அதே நேரத்தில் எனக்கு இலக்கு நிறைந்துவிட்டது. (இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.) பட்டியலில் என் பெயரும் வந்தது.

என் மனைவி பெயர் கலைச்செல்வி. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவளை நான் எங்கேயும் கூட்டிப்போனதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் கடையில் கூட்டம், அதனால் பயணம் ரத்து. தண்ணீர் திறக்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும், அதனாலும் ரத்து. ஊட்டிக்கு இரண்டு தடவை ஸ்வெட்டர் வாங்கி, இரண்டு தடவையும் அதை பவித்ராவின் பள்ளிக்கூடத் தோழிகளுக்குக் கொடுத்திருக்கிறோம். ஆகவே கப்பல் என்றதும் அவள் நம்பவே இல்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு, ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, கப்பல்ல சுடிதார் போட்டுக்கலாம்ல?”

இது சாதாரணக் கேள்வி இல்லை. எங்கள் தெருவில் அவள் வயதுப் பெண்கள் யாரும் அப்போது சுடிதார் போட்டதில்லை. என் அக்கா அடுத்த தெருவில்தான் இருக்கிறார். காலேஜ் படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு இவளுக்கு என்ன கேடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அது ஒரத்தநாடு முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வரும். கலைக்கு அது தெரியும். அதனால் இருபத்து மூன்று வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

“ஒரு தடவ போட்டுக்கிட்டு, கைய வீசிக்கிட்டு நடக்கணுங்க. முந்தானைய இழுத்து இழுத்துச் செருகாம. அங்க நம்மள யாருக்கும் தெரியாதுல்ல.”

(கூட வருகிற டீலர்கள் அத்தனை பேருக்கும் நம்மைத் தெரியும். அதை நான் சொல்லவில்லை.)

தஞ்சாவூரில் தெரியாத தையல்காரரிடம் கொடுத்து மூன்று செட் தைத்து வந்தாள். ஒன்று மயில்கழுத்து நிறம், ஒன்று மாம்பழ மஞ்சள், ஒன்று வெள்ளையில் நீலப்பூ. வாசல் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டு எனக்குக் காட்டினாள். நான் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, “ம், நல்லாருக்கு” என்றேன். அதையே பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு, மூன்றையும் மடித்து ஒரு சின்ன நீலப் பையில் வைத்தாள். அந்தப் பையை ஒரு நாளைக்கு நாலு தடவை திறந்து பார்த்து மூடினாள்.

இனி என் திறமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டி அடுக்குகிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. பவித்ரா கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள்.

“அப்பா, கப்பல்ல நேரத்துக்கு நேரம் சாப்பாடு போடுவாங்க. சாப்பாட்டுச் சாமான் எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க. ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் புடுங்கிருவாங்க. துணி மட்டும் வைங்க. பெரிய பொட்டி ரூமுக்கு லேட்டாத்தான் வரும், அதனால ஒரு செட் துணிய கையிலயே வச்சுக்கங்க.”

“சரிம்மா” என்று போனை வைத்துவிட்டு ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைத்தேன். கப்பலைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு. எனக்கும் தெரியாது என்பது அப்போது தோன்றவில்லை.

ரைஸ் குக்கருக்குள் ஒரு படி பொன்னி அரிசி. அயர்ன் பாக்ஸ். வெந்நீர் வைக்கிற ராடு. புளிக்காய்ச்சல் ஒரு தூக்கு, எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஜாடி, நல்லெண்ணெய் ஒரு பாட்டில், மாங்காய் நறுக்க ஒரு கத்தி. துணி உலர்த்தக் கொடிக்கயிறு. இரண்டு போர்வை, ஒரு தலையணை (வேறு தலையணையில் படுத்தால் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும்). எனக்குச் சட்டை ஒன்பது, வேட்டி ஆறு. அதற்கு மேல் கொசுவலை.

கொசுவலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. தண்ணீர் இருக்கிற இடத்தில் கொசு இருக்கும் என்பது நான் பிறந்த நாளிலிருந்து அனுபவித்து அறிந்த உண்மை. கடலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பயமே வந்துவிட்டது.

கொசுவலைக்கு இடம் போதவில்லை. பெட்டியின் அடியில் கலை இரண்டு சேலை வைத்திருந்தாள். அவற்றை வெளியே எடுத்தேன்.

“அத ஏங்க எடுக்குறீங்க?”

“ஒனக்குத்தான் அந்தப் பையில துணி இருக்கே. சுடிதார் போட்டுக்கப்போற. சேல எதுக்கு?”

அவள் யோசித்தாள். பிறகு சேலைகளை வாங்கிக்கொண்டு போய் பீரோவில் வைத்தாள். எனக்காக அவள் விட்டுக்கொடுத்த எத்தனையோ விஷயங்களில் இதுவும் ஒன்று. அந்தச் சமயத்தில் நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

பெட்டியை மூடியபோது ஜிப் பல்லிளித்துவிட்டது. நான் கலங்கவில்லை. கடையிலிருந்து காலி யூரியா சாக்கு இரண்டை எடுத்து வந்து, பெட்டியைச் சுற்றிப் போர்த்தி, கோணி ஊசி போட்டு இரண்டு வரிசை தைத்தேன். நாலு மூலையிலும் பிடிக்கக் காது வைத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. வழியில் தையல் விட்டால் தேவைப்படும் என்று கோணி ஊசியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

அடுத்த சிக்கல், கிளம்புகிற நேரம். கம்பெனி வேன் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரும் என்றார்கள். திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். இருபத்து மூன்று வருஷம் கழித்து முதல் பயணம், அதுவும் தண்ணீர் மேல். ராகு காலத்தில் படி இறங்க எனக்கு மனம் வரவில்லை. வேன்காரரை மாற்றச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பரஸ்தானம் என்று பெயர். முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, பயணத்துக்கு எடுத்துப்போகிற சாமானில் ஒன்றை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் கெட்ட நேரத்தில் கிளம்பினாலும் பாதகமில்லை. போகிற வழியில் அந்தச் சாமானை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எதை வைப்பது என்று பார்த்தேன். பெட்டியைத் தூக்க மூன்று ஆள் வேண்டும். கைக்கு அடக்கமாக இருந்தது அந்த நீலப் பைதான்.

“என் பையவா வைக்கப்போறீங்க?” என்றாள் கலை. குரலில் ஒரு சின்னக் கலக்கம்.

“எதிர் வீடுதானே. காலையில நானே எடுத்துடறேன்.”

“மறந்துட மாட்டீங்களே?”

“நான் மறப்பனா?”

எதிர் வீட்டில் இருப்பவர் சாம்பசிவம் சார். கால்நடைக் கல்லூரி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பஞ்சாங்கத்தில் என்னைவிடப் பற்றுள்ளவர். பையை இரண்டு கையாலும் வாங்கி, சாமி அலமாரிக்குக் கீழே பலகை போட்டு வைத்தார். நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் வேன் ஏழே முக்காலுக்கே வந்து ஹார்ன் அடித்தது. பெட்டியை நானும் டிரைவரும் என் கடைப் பையன் முருகனும் சேர்ந்து தூக்கினோம். டிரைவர், “உள்ள என்ன சார், யூரியாவேவா?” என்றார். பெட்டி கதவுக்குள் நுழையவில்லை. வேன் மேலே ஏற்றிக் கட்டினோம். நான் மேலே நின்று முடிச்சுப் போட்டேன். என் கவனம் முழுக்க முடிச்சில் இருந்தது. கலை வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். சாம்பசிவம் சார் அந்த நேரம் பார்த்துக் குளித்துக்கொண்டிருந்தார். வேன் கிளம்பிவிட்டது.

கும்பகோணத்தில் காபிக்கு நிறுத்தினார்கள். அந்த ஊர் டீலர் ரவிச்சந்திரனும் அவர் மனைவி உமாவும் அங்கே ஏறினார்கள். ஆளுக்கொரு சின்னச் சக்கரப் பெட்டி, விரலால் உருட்டிக்கொண்டு வந்தார்கள். உமா ரோஜா நிறத்தில் ஒரு சுடிதார் போட்டிருந்தார். கலை அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் காதோடு சொன்னாள்.

“நல்லாருக்குல்ல? ஆனா என் மயில்கழுத்து இத விட நல்லாருக்கும்.”

பையை எதிர் வீட்டிலிருந்து எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போவது போல் நழுவி, சாம்பசிவம் சாருக்குப் போன் போட்டேன்.

“சார், அந்தப் பை...”

“பத்திரமா இருக்கு தம்பி. பொட்டு வச்சுப் பூ போட்டிருக்கேன். ஒண்ணும் கவலப்படாதீங்க.”

“சார், நாங்க கெளம்பி கும்பகோணம் வந்துட்டோம்.”

 “அப்ப இத எடுக்கலயா?” என்றார். பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டார். அந்த பஸ் சென்னை போய்ச் சேரும்போது கப்பல் கடலில் இருக்கும். வேனைத் திருப்பச் சொன்னால் பன்னிரண்டு பேரும் கப்பலை விட்டுவிடுவார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நேராகப் போய்க் கலையிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் போய் வேனில் உட்கார்ந்துகொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை கேட்கிறார்கள். பயம்தான். அவள் முகம் அன்றைக்கு அப்படி இருந்தது. கல்யாணமான புதிதில்கூட நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கரும்பு, மரவள்ளி, முந்திரி என்று வழியில் வந்ததையெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். பண்ருட்டி தாண்டும்போது, “என் பை இருக்குல்ல?” என்றாள்.

“இருக்கு” என்றேன். அது பொய் இல்லை. எங்கே இருக்கிறது என்றுதான் சொல்லவில்லை.

துறைமுகத்தில் எங்களை இறக்கிவிட்ட இடத்திலேயே பெட்டிகளையெல்லாம் வண்டியில் வாங்கிக்கொண்டு, அறைக்கு வந்து சேரும் என்று சீட்டுக் கொடுத்தார்கள். என் மூட்டையைப் பார்த்த ஆள் இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தார். சோதனைக் கதவில் நான் நுழைந்ததும் அது கத்தியது. சட்டைப் பையிலிருந்து கோணி ஊசியை எடுத்துக் கொடுத்தேன். அரை அடி நீளம். காவலுக்கு நின்ற பெண் அதைத் தூக்கிப் பிடித்து, “இது என்ன சார்?” என்றார்.

“சாக்கு தைக்கிறதும்மா.”

“கப்பல்ல எதுக்கு சார் சாக்கு?”

 பின்னால் வரிசையில் நின்ற ரவிச்சந்திரன், “அவர் பொட்டியவே தச்சுக் கொண்டாந்திருக்காரும்மா” என்று உதவி செய்தார்.

எங்களுக்குக் கொடுத்த அறையில் ஜன்னல் இல்லை. ஒரு கட்டில், ஒரு டி.வி., அவ்வளவுதான். அந்த டி.வி.யில் ஒரு சேனலில் கப்பலுக்கு முன்னால் தெரிகிற கடலை ஓயாமல் காட்டிக்கொண்டிருந்தார்கள். கலை கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் டீலர்களுக்குப் பாராட்டு விழா. அதற்கு மயில்கழுத்து, மறுநாளைக்கு மஞ்சள், கடைசி நாளைக்கு வெள்ளை என்று பிரித்து வைத்திருந்தாள். முகம் கழுவி, தலை சீவி, பூ வைத்துக்கொண்டு பைக்காகக் காத்திருந்தாள். அடுத்தடுத்த அறைகளின் வாசலில் பெட்டிகள் வந்து இறங்குகிற சத்தம் கேட்டது.

“நம்ம பைய எப்பக் கொண்டாருவாங்க?”

“வரும்.”

கால் மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். வரும் என்றேன். மூன்றாவது தடவை கேட்பதற்குள் கப்பல் முழுக்க ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி, ஒரத்தநாடு என்று ஊரையும் சொல்லி, பாதுகாப்பு அறைக்கு உடனே வரச் சொன்னார்கள்.

அங்கே என் மூட்டை நடு அறையில் தனியாக நின்றது. அதற்கு முன்னால் ஒரு நாய் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மோப்பம் பிடித்த நாய் அப்படி உட்கார்ந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தமாம். யூரியா வாசனை அதற்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. நான் உர வியாபாரி என்றும், அது வெறும் சாக்கு என்றும், எங்கள் ஊரில் எல்லாவற்றையும் இப்படித்தான் கட்டுவோம் என்றும் விளக்கினேன். (இது பொய். நான் மட்டும்தான் அப்படிக் கட்டுவேன்.) தையலைப் பிரிக்கச் சொன்னார்கள். ஊசியைத்தான் வாங்கிவிட்டார்களே. அவர்கள் கத்தி வைத்து அறுத்தார்கள். அவ்வளவு நல்ல தையலை அறுப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ரைஸ் குக்கர் வெளியே வந்தது. அயர்ன் பாக்ஸ், ராடு, கத்தி, எண்ணெய், ஊறுகாய், புளிக்காய்ச்சல் எல்லாம் மேஜையில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதினார்கள். திறந்திருந்த கதவு வழியாக எங்கள் டீலர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கடைசியாக அந்த அதிகாரி கொசுவலையை விரித்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.  மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அறுந்த சாக்கோடும் வாய் பிளந்த பெட்டியோடும் நான் அறைக்குத் திரும்பினேன். கலை எழுந்து என் கைகளைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள்.

“என் பை?”

“கலை, அது சாம்பசிவம் சார் வீட்ல இருக்கு.”

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“எப்பத் தெரியும் ஒங்களுக்கு?”

“கும்பகோணத்துல.”

“கும்பகோணத்துலயா?” என்றாள். டி.வி.யில் தெரிந்த கடலைப் பார்த்தபடியே சொன்னாள். “நாம காபி குடிச்ச எடத்துக்கு எதுத்தாப்ல ஒரு ஜவுளிக்கடை இருந்துச்சுங்க. தொறந்துதான் இருந்துச்சு. சொல்லியிருந்தா ஓடிப்போயி ஒண்ணு எடுத்துட்டு வந்திருப்பேன்.”

எனக்கு அந்தக் கடை கண்ணிலேயே படவில்லை. அவள் கண்ணில் பட்டிருக்கிறது. பையை மறந்தது வெறும் ஞாபகப் பிசகு, அதை அவள் மன்னித்திருப்பாள். சொல்லாமல் ஆறு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேனே, அதற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. வெட்கமாக இருந்தது. பெட்டியைக் குடைந்து அவளுக்கு ஆகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். சட்டை ஒன்பது, வேட்டி ஆறு. அவள் எழுந்து வந்து கொசுவலையைத் தொட்டுப் பார்த்தாள்.

“இதுக்கு எடம் இருந்திருக்கு” என்றாள். 

அவள் கட்டியிருந்த சேலை காலையிலிருந்து வேனில் கசங்கி, வழியில் சாப்பிட்ட புளியோதரையின் எண்ணெய் வேறு பட்டிருந்தது. அதோடு விழாவுக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். நான் தனியாகப் போனேன். மேடையில் ஜோடி ஜோடியாகக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். என் முறை வந்ததும் மேனேஜர், “மேடம் எங்க சார்?” என்று மைக்கிலேயே கேட்டார். மைக்குக்கு முன்னால் உண்மை பேச எனக்கு வராது. “கடல் ஒத்துக்கல, வாந்தி” என்றேன். இரண்டு மாலையையும் என் கழுத்திலேயே போட்டார்கள்.

நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் உமாவும் இன்னும் நாலு டீலர் மனைவிமாரும் எலுமிச்சம்பழம், சுக்கு, மாத்திரையோடு எங்கள் அறைக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். கலை சேலையை அலசிக் கொடிக்கயிற்றில் போட்டுவிட்டு (கயிற்றை மட்டும் விட்டுவிட்டார்கள்), என் எட்டு முழ வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாகக் கதவைத் திறந்திருக்கிறாள். நான் போனபோது வாசலில் ஐந்து பெண்களும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.

“வாந்தின்னு சொன்னாங்க” என்றார் உமா.

கலை என் கழுத்தில் கிடந்த இரண்டு மாலையையும் பார்த்தாள். “ஆமாங்க, இப்பத்தான் வருது” என்றாள்.

உமா தன் சுடிதார் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். அவர் ஒல்லி, கலைக்குத் தோள் நுழையவில்லை. கப்பலில் இருந்த கடையில் நங்கூரம் போட்ட பனியனும் அரைக்கால் சட்டையும்தான் விற்றார்கள். ஆக, அடுத்த இரண்டு நாளும் அந்த ஒரே சேலைதான். ஈரமாக இருந்தால் உள்ளே, காய்ந்தால் வெளியே. காய்ந்த நேரங்களில் மேல்தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடல் பார்த்தாள். காற்றில் முந்தானை பறந்து முகத்தில் அடித்தது. ஒரு கையால் அதைப் பிடித்து இடுப்பில் செருகிக்கொண்டே இருந்தாள். உமாவும் மற்றவர்களும் இரண்டு கையையும் வீசிக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தார்கள். நான் அவளுக்குப் பத்தடி தள்ளி நின்றேன். அதற்கு மேல் கிட்டே போக எனக்குத் தைரியம் இல்லை. அந்தக் கடலில் ஒரு கொசுகூட இல்லை.

மூன்றாம் நாள் கம்பெனிக்காரர்கள் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். கலை வரவில்லை. அதைச் சட்டம் போட்டு எல்லாக் கடைக்கும் அனுப்பினார்கள். பதினோரு ஜோடிக்கு நடுவில் நான் மட்டும் ஒற்றையாக நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். முருகன்தான் பதில் சொல்கிறான்.

வியாழக்கிழமை சாயந்திரம் வேன் எங்கள் தெருவில் வந்து நின்றது. கலை வீட்டுக்குள் போகவில்லை. நேராக எதிர் வீட்டுக்குப் போனாள். சாம்பசிவம் சார் பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பையின் நெற்றியில் குங்குமம், மேலே வாடிய செவ்வந்தி.

“நாலு நாளும் வெளக்கேத்தினேம்மா. ஒரு கொறையும் இல்ல” என்றார்.

கலை சிரித்துவிட்டாள். பை இல்லை என்று தெரிந்த பிறகு முதல் தடவை. பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். நான் முருகனை வரவழைத்துப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது வெளியே வந்தாள். மயில்கழுத்து நிறச் சுடிதார், துப்பட்டா, கையில் காய்கறிப் பை.

“கட வரைக்கும் போயிட்டு வரேங்க.”

“எந்தக் கடைக்கு?”

“எல்லாக் கடைக்கும்.”

அது ஊரே தெருவில் இருக்கிற நேரம். யார் கண்ணிலும் படாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அத்தனை பாடுபட்ட துணியைப் போட்டுக்கொண்டு, கலை கடைத்தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் கையை வீசிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். பூக்காரம்மா கப்பல் எப்படி இருந்தது என்று கேட்டார். காய்கறிக் கடைக்காரர் கத்திரிக்காய் நிறுத்துப் போட்டார். எங்கள் கடை வாசலைத் தாண்டும்போது முருகன், அதற்குள் வந்து கல்லாவில் உட்கார்ந்திருந்தவன், எழுந்து நின்றான்.

“அண்ணி, கப்பல்ல வாங்குனதா?”

“இல்ல முருகா. கப்பலுக்குப் போகாதது.”

திரும்பி வரும்போது என் அக்கா எதிரே வந்துவிட்டார்.  அக்கா கலையை மேலேயிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். “எங்க தச்சே?” என்றார். கலை தஞ்சாவூர் தையல்காரர் பெயரைச் சொன்னாள். அடுத்த மாதம் அக்காவும் ஒன்று தைத்துக்கொண்டார். இருபத்து மூன்று வருஷம் பயந்ததற்கு இவ்வளவுதான் விஷயம் என்று கலை என்னிடம் சொன்னபோது, பயமுறுத்தியதில் என் பங்கும் இருந்தது என்று நான் ஒத்துக்கொண்டேன்.

மறு வருஷமும் இலக்கு எட்டியது. இந்தத் தடவை விமானத்தில் மலேசியா, இரண்டு பேருக்கு. கலை பவித்ராவைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டாள். “கடைய யாரு பாக்குறது? தண்ணி தொறக்கப் போறான்ல?” என்றாள். இருபத்து மூன்று வருஷமாக நான் சொன்ன அதே வார்த்தை.  பெட்டியை நான் தொடவே கூடாது என்று உத்தரவு. ஆளுக்கொரு பை, அரை மணி நேரத்தில் அடுக்கி முடித்துவிட்டார்கள்.

அந்தத் தடவையும் வேன் வருகிற நேரம் எமகண்டம். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, “பரஸ்தானம் வைக்கணுமே” என்று வாயை விட்டேன்.

“வச்சிருவோம்” என்றாள் கலை. “விடியக்கால அஞ்சரைக்கு மேல நல்ல நேரம். நீங்க போயி சார் வீட்ல உக்காருங்க.”

“நானா?”

“பயணத்துக்கு வேண்டிய சாமான்ல ஒண்ணத்தானேப்பா வைக்கணும்?” என்றாள் பவித்ரா. அதிலிருந்துதான் எங்கள் சொந்தத்தில் யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் “அப்பாவ வச்சாச்சா?” என்று கேட்கிற வழக்கம் வந்தது. பவித்ராவுக்குக் கல்யாணமான பிறகு என் சம்பந்தி வீட்டார்கூட இப்போது கேட்கிறார்கள்.

விளையாட்டு என்று நினைத்துத்தான் போனேன். சாம்பசிவம் சார் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சாமி அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, என் நெற்றியில் குங்குமம் வைத்தார். காபி கொடுத்தார். பேப்பரைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வேன் வந்து ஹார்ன் அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மாவும் மகளும் சுடிதாரில், கையில் ஆளுக்கொரு பையோடு படியிறங்கினார்கள். கலை வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிர் வீட்டைப் பார்த்துக் கையை நன்றாக வீசி ஆட்டினாள். வேன் எங்களைத் தாண்டிப் போய் மெயின் ரோட்டில் திரும்பியது.

சாம்பசிவம் சார் வாசலையும் என்னையும் இரண்டு தடவை மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன தம்பி, எடுத்துட்டுப் போக மறந்துட்டாங்க போலருக்கே?”

“மறக்கல சார்” என்றேன்.